கடைசித் தொகுதியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் வந்த சண்டை

கேள்வி: என் அண்ணன் கல்லூரியில் படிக்கும்போது ராபர்ட் ஜோர்டன் எழுதிய 'தி வீல் ஆஃப் டைம்' என்ற ஆங்கில மாயாஜால நாவல் தொடரைத் தொடங்கினான். ஒவ்வொரு தொகுதிக்காகவும் காத்திருந்து படித்தவன். நான் பள்ளியில் இருந்தபோது அவன் வாயால் கேட்டுத்தான் அந்த உலகம் எனக்குப் பழக்கம். போன வருடம் நானே முதல் தொகுதியைக் கையில் எடுத்தேன், கீழே வைக்க முடியவில்லை. 14 தொகுதிகளையும் அடுத்தடுத்துப் படித்து முடித்துவிட்டேன். ஆனால் கடைசிப் புத்தகத்தை மூடியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பக்கம் பக்கமாகப் போர். நான் உயிராக நினைத்த ஒருவர் இறந்துபோக, யாரும் உட்கார்ந்து அழக்கூட நேரமில்லை. போர் ஓய்ந்ததும் கதையும் நின்றுவிடுகிறது. மற்றவர்கள் அப்புறம் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒன்றுமே தெரியவில்லை. கடைசி மூன்றையும் எழுதியவர் வேறொருவர் என்பதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். அன்று இரவே ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, 'வாசகர்களை ஏமாற்றிவிட்டார்கள்' என்று நீளமாக எழுதிவிட்டேன். அண்ணன் அதைப் படித்துவிட்டு, 'நாங்கள் எத்தனை வருஷம் காத்திருந்தோம், உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்டான். அவனைப் பொறுத்தவரை அதைவிட நல்ல முடிவு இருக்கவே முடியாதாம். அன்றிலிருந்து புத்தகங்களைப் பற்றி எங்களுக்குள் பேச்சே இல்லை. நான் படித்த விதம் தவறா? எழுதியதை எடுத்துவிடவா? இத்தனை ஆயிரம் பக்கம் படித்தது வீண்தானா?

அன்புள்ள வாசகிக்கு,

முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் கண்ணிலும் இந்தப் பதில் படும். அதனால் யார் இறந்தார், யார் பிழைத்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. கோபத்தோடு எழுதிய கடிதத்திலும் நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். அதைக் கவனித்தேன், எனக்குப் பிடித்திருந்தது.

நாவல்களைச் செப்பனிடுவது என் தொழில். தொடர்கதைகளின் கடைசிப் பாகங்களும் என் கைக்கு வருவதுண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடைசித் தொகுதியைப் பற்றி வாசகர்கள் சண்டை போடும்போது, பெரும்பாலும் அந்தத் தொகுதிக்கு அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதும் சேர்ந்துதான் பேசுகிறது. உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் அதுதான். அச்சில் ஒன்றாக இருக்கும் புத்தகம் உங்கள் கையிலும் அண்ணன் கையிலும் ஒன்றாக இல்லை.

அண்ணன் வந்த வழியைக் கொஞ்சம் பாருங்கள். முதல் தொகுதி 1990இல் வந்தது. அப்போது ஆறு தொகுதிகள் என்றுதான் திட்டம். கதை விரிந்துகொண்டே போனது. 2003இல் வந்த 10ஆம் தொகுதியில் கதை நகரவே இல்லை என்று அந்தத் தொடரின் தீவிர வாசகர்களே நொந்துகொண்டார்கள். நீங்கள் அந்தத் தொகுதியைச் சில நாட்களில் தாண்டியிருப்பீர்கள். வெளிவர வெளிவரப் படித்தவர்கள் அதற்காக இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து, படித்து ஏமாந்து, மறுபடியும் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 2005இல் 11ஆம் தொகுதி வந்தபோது கதை மீண்டும் வேகம் பிடித்தது. அடுத்ததுதான் கடைசி, எவ்வளவு பெரிதானாலும் ஒரே புத்தகமாக முடிப்பேன் என்று ராபர்ட் ஜோர்டன் சொல்லியிருந்தார். 2006இல் தனக்கு வந்திருக்கும் அரிய நோயைப் பற்றி அவரே வாசகர்களுக்குத் தெரிவித்தார். 2007 செப்டம்பர் 16 அன்று இறந்துபோனார்.

அந்தச் செய்தி வந்த நாளில் உங்கள் அண்ணனைப் போன்றவர்கள் கையில் 11 தொகுதிகள் இருந்தன, முடிவு இல்லை. இனி வருமா என்றும் தெரியாது. ஜோர்டனின் மனைவி ஹாரியட் மக்டூகல்தான் அந்தத் தொடர் முழுக்க அவருடைய எடிட்டர். (இப்படி ஒரு பொறுப்பு என் தொழிலில் வேறு யாருக்கும் வந்து நான் கேள்விப்பட்டதில்லை. கணவரை இழந்த துக்கத்தில் இருந்துகொண்டே, அவர் கதையை முடிக்க ஆள் தேட வேண்டியிருந்தது.) அவர் பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தார். ஒரே புத்தகம் என்றது மூன்றானது. 2009, 2010, அப்புறம் 2013 ஜனவரி. முதல் தொகுதிக்கும் கடைசித் தொகுதிக்கும் நடுவே 23 வருடம்.

இப்படி வந்து சேர்ந்த ஒருவருக்கு, அந்தப் புத்தகம் கையில் இருக்கிறது என்பதே பாதி நிறைவு. குறைகள் கண்ணில் படாமல் போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. பட்டிருக்கும், பெரிதாகத் தெரிந்திருக்காது.

நீங்கள் வந்த வழி வேறு. 11ஆம் தொகுதியை இரவில் மூடிவிட்டுக் காலையில் 12ஆம் தொகுதியைத் திறந்தவர் நீங்கள். ஜோர்டனின் நடை காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வேறொரு குரல் உள்ளே வருகிறது. குறிப்பாக மேட் என்ற பாத்திரம் 12ஆம் தொகுதியில் வேறு ஆளாகப் பேசுகிறான் என்று அப்போதே நிறைய வாசகர்கள் சொன்னார்கள். அவனுடைய குரல் தனக்குச் சரியாக அமையவில்லை என்று சாண்டர்சனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். நான்கு வருட இடைவெளியில் படித்தவர்களுக்கே உறுத்தியது, ஒரு நாள் இடைவெளியில் படித்த உங்களுக்கு எப்படி உறுத்தியிருக்கும்! அண்ணனைவிட உங்கள் காது இந்த விஷயத்தில் கூர்மையாக இருந்திருக்கிறது. காத்திருந்தவர்களுக்குத்தான் கதையைப் பற்றிப் பேச உரிமை என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

இனி உங்கள் குறைகளுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன்.

போர் நீளம் என்கிறீர்கள். அந்தப் பெரிய போரின் நடுப்பகுதி ஒரே அத்தியாயமாக 200 பக்கத்தை நெருங்குகிறது. ஏறத்தாழ ஒரு முழு நாவல் அளவு. வாசகர் புத்தகத்தை மூடிவைத்து மூச்சு வாங்குவது அத்தியாய முடிவில்தான். அந்த இடத்தையே எடுத்துவிட்டால், களத்தில் நிற்பவர்களின் களைப்பு படிப்பவருக்கும் வந்துவிடும். நீங்கள் அலுத்துப்போனது அந்த அத்தியாயம் தன் வேலையைச் செய்ததால்தான் என்பது என் எண்ணம். இன்னும் ஒன்று, அந்தத் தொகுதி இப்போது இருப்பதைவிடப் பெரிதாகவே எழுதப்பட்டது. எதிரணியில் இருக்கும் ஒருவரைப் பற்றிய பகுதியை வெட்டி எடுத்து, அது அதே 2013இல் வேறொரு தொகைநூலில் தனிக் கதையாக வந்தது. வெட்டியது சரியான முடிவு. அந்தப் பகுதி இருந்திருந்தால் வாசகர்கள் புதிதாக ஒரு ஊரையும் புதிதாகச் சிலரையும் பழகிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும், அதுவும் எல்லாம் முடியப்போகிற நேரத்தில்.

ஆனால் அழ இடமில்லை என்கிறீர்களே, அதில் நான் முழுக்க உங்களோடுதான். மகாபாரதத்தில் போர் 10ஆம் பருவத்தோடு ஓய்ந்துவிடுகிறது. மொத்தம் 18 பருவம். பின்னால் வரும் எட்டில் முதலாவதான ஸ்திரீ பருவம் அழுவதற்கென்றே வைத்தது. காந்தாரியும் மற்றப் பெண்களும் களத்துக்கே வந்து, விழுந்து கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் புலம்புகிறார்கள். கேட்பவர்களும் அவர்களோடு சேர்ந்து அழுது முடித்த பிறகுதான் சாந்தி பருவம் வருகிறது. இந்த வரிசையை அமைத்தவர்களுக்கு மனித மனம் தெரிந்திருக்கிறது. 'தி வீல் ஆஃப் டைம்' கடைசித் தொகுதியில் சாவுகள் போரின் வேகத்தில் வருகின்றன, அடுத்த வரியில் பார்வை வேறொருவர் தலைக்குள் போய்விடுகிறது. களத்தில் அப்படித்தான் நடக்கும், ஒப்புக்கொள்கிறேன். போர் முடிந்த பிறகாவது, உங்களுக்குப் பிடித்த அந்த ஒருவருக்காக யாராவது ஒரு பத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கைப்பிரதி என்னிடம் வந்திருந்தால், ஓரத்தில் அதைத்தான் எழுதிக் கேட்டிருப்பேன்.

மூன்றாவது, போர் ஓய்ந்ததும் கதை நின்றுவிடுகிறது என்பது. இந்தக் குறை உங்களுடையது மட்டும் இல்லை, எவ்வளவோ பழையது. கம்பர் இராமனுக்கு முடிசூட்டி, துணை வந்தவர்களுக்கு விடை கொடுத்து அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டார். அதற்குப் பின் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு உத்தர காண்டம் தனியாக வந்தது, அதைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பது மரபு. கம்பர் நிறுத்திய இடமே போதும் என்பவர்களும், அதற்குப் பின்னால் இருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது என்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். 1954இல் 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோதும் இதே கதைதான். சட்டென்று நிறுத்திவிட்டீர்களே என்ற வாசகர்களின் மனக்குறைக்கு, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டிவந்தது. அப்படியும் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

இதற்கு நேர் எதிராகச் செய்தவர்களும் உண்டு. 1955இல் வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்', டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையின் கடைசித் தொகுதி. கதை முழுக்க அழிக்கப் போராடிய மோதிரம் அழிந்த பிறகும் அதில் ஆறு அத்தியாயங்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் பிறகு டோல்கீன் இன்னொரு பின்கதை எழுதினார், அதைக் கடைசியில் புத்தகத்தில் சேர்க்காமலே விட்டுவிட்டார். அந்த நாவலில் முடிவு முடிகிற வழியாகத் தெரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஸ்டீஃபன் கிங் தன் 'தி டார்க் டவர்' தொடரின் கடைசித் தொகுதியில், 2004இல், வேறொரு வழி பார்த்தார். இறுதிப் பகுதிக்கு முன்னால் நிறுத்தி, இதோடு புத்தகத்தை மூடிவிடலாம், இதற்கு மேல் படித்தால் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம் என்று வாசகர்களிடம் நேரடியாகவே சொல்லிவிட்டார். படித்தவர்களில் ஒரு சாரார் அப்படியும் கோபித்துக்கொண்டார்கள்.

உங்கள் தொடரின் விஷயத்தில், அந்தக் காலி இடத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. போருக்குப் பின் சிலருடைய வாழ்க்கையை வைத்து மேலும் நாவல்கள் எழுத வேண்டும் என்று ஜோர்டன் எண்ணியிருந்தார். அவற்றுக்காக அவர் விட்டுப்போன குறிப்பு மிகக் குறைவு. அதை வைத்து எழுதினால் அது அவர் கதையாக இருக்காது என்று சாண்டர்சனும் மக்டூகலும் எழுதாமலே விட்டார்கள். அதனால்தான் சில கதவுகள் திறந்தபடியே நிற்கின்றன.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். வேறொருவர் எழுதியதால்தான் இப்படி முடிந்தது என்கிறீர்கள். அந்தப் புத்தகத்தின் கடைசிக் காட்சி ஜோர்டன் இறப்பதற்கு முன்பே எழுதிவைத்தது. சாண்டர்சன் அந்த இடத்துக்குக் கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார், அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் உங்களுக்குக் கோபம் வந்திருந்தால், அது நீங்கள் நேசிக்கும் எழுத்தாளர் மேலேயே வந்த கோபம். அவர் மேலும் கோபப்படலாம், தப்பில்லை. ஆனால் ஆளைத் தெரிந்துகொண்டு கோபப்படுவது நல்லது.

அதோடு, 14 தொகுதிகளிலும் முதல் அத்தியாயம் எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். எங்கோ ஒரு காற்று எழும்பும். அந்தக் காற்று தொடக்கம் இல்லை, காலச் சக்கரம் சுழல்வதில் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை என்று ஆசிரியர் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டேதான் வந்திருக்கிறார். நான் ஒரு முடிவைச் சரியா தப்பா என்று பார்க்கும்போது முதல் தொகுதியின் முதல் பக்கங்களுக்குத்தான் போவேன், ஏனென்றால் ஆசிரியர் வாக்குக் கொடுத்த இடம் அதுதான். அப்படிப் பார்த்தால் எல்லாருடைய வாழ்க்கையையும் முடித்துக்காட்டுவேன் என்ற வாக்கு இந்தத் தொடரில் எங்கும் இல்லை. அந்தப் பெரிய போர் வரும் என்ற வாக்கு இருந்தது, அது வந்தது.

ஆகையால் 'ஏமாற்றிவிட்டார்கள்' என்ற சொல்லை மட்டும் நீங்கள் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. எழுதினவர் இறந்த பின்னும் குறிப்புகளைத் தேடித் தொகுத்து, ஆறு வருடத்துக்குள் மூன்று பெரிய புத்தகங்களாக முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு அந்தச் சொல் பொருந்தாது. உங்கள் ஏமாற்றம் வேறு விஷயம். அது உண்மையானது, காரணங்களும் இருக்கின்றன, அப்படியே இருக்கட்டும்.

விமர்சனத்தை முழுக்க நீக்க வேண்டாம், திருத்தி எழுதுங்கள். இதே புத்தகம் 2013 ஜனவரியில் வந்தபோது மின்னூலை ஏப்ரல் வரை தள்ளிப்போட்டார்கள். அந்தக் கோபத்தில் புத்தகத்தைத் திறக்காமலே ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் பலர். படித்து முடித்து, நொந்துபோய் நீங்கள் கொடுத்த நட்சத்திரமும் அந்தக் கும்பலோடு சேர்ந்து ஒரே எண்ணாகத்தான் தெரியும். அப்படித் தெரிய வேண்டியதில்லை உங்கள் எழுத்து. எந்தக் குரல் எங்கே மாறியது, எந்தச் சாவுக்குப் பின் எவ்வளவு இடம் வேண்டும் என்று தோன்றியது, எதுவரை உங்களுக்குப் பிடித்திருந்தது என்று பெயர் சொல்லாமல் எழுதினால், இனி படிக்கப்போகிற ஒருவருக்கு அது நட்சத்திரத்தைவிடப் பயன்படும். எத்தனை நட்சத்திரம் என்பதை அப்புறம் முடிவு செய்யுங்கள். திருத்துவதற்கு முன்னால் கடைசித் தொகுதியின் இறுதி இரண்டு அத்தியாயங்களையும் பின்கதையையும் மட்டும் மறுபடி நிதானமாகப் படியுங்கள். முதல் தடவை நீங்கள் அவற்றை, அடுத்து யார் சாகப்போகிறார்களோ என்ற பயத்தில் படித்திருப்பீர்கள். பயம் போன பிறகு கண்ணில் படுவது வேறு. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

படித்தது வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 14 தொகுதிகளைக் கீழே வைக்க முடியாமல் படித்தேன் என்று எழுதியவர் நீங்கள்தான். அந்த இரவுகளில் கிடைத்த சந்தோஷத்தைக் கடைசி 50 பக்கம் பின்னோக்கிப் போய் அழித்துவிட முடியாது. இவ்வளவு கோபம் வருவதே அந்த மனிதர்களை நீங்கள் அவ்வளவு நெருக்கமாக வைத்திருந்ததால்தான். நீண்ட தொடரை முடித்தவர்களுக்கு, முடிவு பிடித்திருந்தாலும், சில நாட்கள் ஒரு வெறுமை இருக்கும். பழகிய குரல்கள் இனிப் புதிதாக ஒன்றும் பேசப்போவதில்லை என்ற துக்கம் அது. அந்தத் துக்கமும் புத்தகத்தின் குறைகளும் முதல் வாரத்தில் ஒன்றாகக் கலந்தே தெரியும். நீங்கள் விமர்சனம் எழுதியதோ முதல் இரவில்.

அண்ணனிடம் பேச்சைத் தொடங்க, முடிவு நன்றாக இருந்ததா இல்லையா என்ற கேள்விக்குப் போகாதீர்கள். அங்கே போனால் இரண்டு பேரும் பழைய இடத்திலேயே நிற்பீர்கள். 2007இல் ஜோர்டன் இறந்த செய்தியை எப்படிக் கேள்விப்பட்டார், அப்போது என்ன நினைத்தார் என்று கேளுங்கள். 10ஆம் தொகுதியைப் படித்துவிட்டு அடுத்தது வரும்வரை என்ன செய்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்களுக்குத் தெரியாத கதையாகத்தான் இருக்கும். உங்கள் முறை வரும்போது ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள், உங்களுக்குப் பிடித்தவர் இறக்கும் அந்தப் பக்கத்தை. இதற்குப் பின்னால் யாராவது அழுதிருக்க வேண்டாமா என்று கேளுங்கள். அத்தனை வருடம் காத்திருந்து படித்த மனிதர் அந்தப் பக்கத்தில் ஒன்றும் உணராமல் தாண்டியிருப்பார் என்று நான் நம்பவில்லை. அவருக்கு அந்த இடத்தில் என்ன தோன்றியது என்று நீங்கள் இதுவரை கேட்டிருக்க மாட்டீர்கள், அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

'உனக்கு என்ன தெரியும்' என்றது உங்களுக்கு வலித்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். சின்ன வயதில் அந்த உலகத்துக்குள் உங்களைக் கூட்டிப்போனவரே, நீ வெளியாள் என்று சொன்னது போல அது கேட்டிருக்கும். சொன்னால்தான் அவருக்கும் தெரியும்.

திருத்திய விமர்சனத்தை வெளியில் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு தடவை படிக்கக் கொடுங்கள். அவர் கருத்துக்காக எதையும் மாற்ற வேண்டாம். எங்காவது முடிவு தெரிந்துவிடும்படி எழுதியிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துச் சொல்லட்டும்.